பின்னால் நிற்பவள்

நவம்பர் 29, புதன்

தஞ்சாவூர் டாக்டரம்மா எழுதச் சொன்னார். எதை மறக்கிறார், எதில் தடுமாறுகிறார் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, அடுத்த முறை வரும்போது கொண்டு வரணுமாம். நான் பத்தாவதோடு நின்றவள். கடிதம் எழுதியே வருஷக்கணக்காகிறது. ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஒன்று பரணில் கிடந்தது. போன வருஷத்தது. கிழமையை அடித்துவிட்டு எழுதுகிறேன்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் சதக்கத்துல்லா. தெற்குத்தெரு பள்ளிவாசலின் இமாம், ஊரே ஹஜ்ரத் என்று கூப்பிடும். வயது ஐம்பத்திரண்டு. முடி கூட முழுசாக நரைக்கவில்லை. வந்திருக்கும் வியாதிக்குப் பெயர் அல்சைமர். கிழடுகளுக்கு வருவதுதானே என்று கேட்டேன். இவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா.

இன்றைக்கு என்ன தேதி என்று அவரிடம் கேட்டார்கள். "ஜமாத்துல் அவ்வல் பிறை பதினாலு" என்றார். டாக்டரம்மா தாளில் பெருக்கல் குறி போட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எங்க கணக்குல சரிதாங்க, காலண்டர் வேணும்னா காட்டட்டுமா?" என்றேன். அடித்ததை அழித்து டிக் போட வைத்தேன். வாசல் தாண்டும் வரை எனக்கு ஒரே பெருமை.

கடிகாரம் ஒன்று வரையச் சொன்னதுதான் சரியில்லை. வட்டம் போட்டார். பக்கத்தில் இன்னொரு வட்டம். ஆறு வட்டம் போட்டார். பள்ளிவாசல் சுவரில் தொழுகை நேரம் காட்ட ஒரு பலகையில் ஆறு கடிகாரம் இருக்கும், அந்த மாதிரி. ஒன்றிலும் முள் போடவில்லை.

நாங்கள் இருக்கும் வீடு பள்ளிக்குச் சொந்தம். இமாமாக இருக்கும் வரைதான் அது எங்களுக்கு. வீடு போனால் வேறு பார்த்துக்கொள்ளலாம். தொழ வரும் ஜமாஅத்துக்கு முன்னால் நிற்கிற அந்த இடம் போனால் இந்த மனுஷரை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

டிசம்பர் 2

நெத்திலி வாங்கினேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 8, வெள்ளி

டாக்டரம்மாவுக்குப் புரியவேண்டுமே என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் தொழுகையில் நிற்பது, குனிவது, நெற்றியைத் தரையில் வைப்பது எல்லாம் சேர்ந்த ஒரு சுற்றுக்கு ரக்அத் என்று பெயர். சாயங்கால அஸர் தொழுகைக்கு நான்கு. நெற்றியை வைப்பது ஸஜ்தா. இமாம் முன்னால் நின்று "அல்லாஹு அக்பர்" என்று சொன்னால்தான் பின்னால் நிற்பவர்கள் குனியவோ நிமிரவோ முடியும். அவர் தவறு செய்தால் பின்னால் இருந்து "ஸுப்ஹானல்லாஹ்" என்று சத்தமாகச் சொல்வார்கள். அவ்வளவுதான் சொல்லலாம். மற்ற பேச்சுக்கு இடமில்லை.

எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரே சுவர். உள் ஒலிபெருக்கி சத்தம் அடுப்படி வரை கேட்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுத்தான் நானும் இந்தப் பக்கம் தொழுகிறேன். அவர் சொன்னால் குனிவேன், அவர் சொன்னால் நிமிர்வேன்.

இன்று அஸரில் இரண்டாவது ரக்அத்துக்குப் பிறகு உட்கார வேண்டியவர் எழுந்துவிட்டார். "ஸுப்ஹானல்லாஹ்" என்று நாலைந்து பேர் குரல் கொடுத்தார்கள். கடைசியில் மறதிக்கென்று இருக்கிற இரண்டு ஸஜ்தாவைச் செய்து முடித்தார். மறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மார்க்கத்திலேயே வழி வைத்திருக்கிறது. எந்த மனுஷனுக்கும் மறக்கும்.

வீட்டுக்கு வந்ததும், "தொழுகை நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "முடிஞ்சுதே" என்றார். டீயை ஊதிக் குடித்தார்.

டிசம்பர் 14

நேற்று அந்தி மஃரிபிலும் குரல் கொடுத்தார்கள். இன்று மதியம் லுஹரிலும். மாவு புளித்துவிட்டது, தோசைக்குத்தான் ஆகும்.

டிசம்பர் 19, செவ்வாய்

மோதினார் காசிமைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதும் பள்ளியைக் கூட்டிப் பெருக்குவதும் அவன்தான். தொழுகையில் அவருக்கு நேர் பின்னால் நிற்பவனும் அவனே. அவனுக்கு மட்டும் சொன்னேன். அழாமல் சொல்லி முடித்தேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும் ராத்தா" என்றான். "ஒரே தொழுகைக்கு ஒளுவ மூணு தடவ செய்றாஹ. கால கழுவிட்டு வந்து திரும்பவும் கால கழுவுறாஹ. டேங்க்ல தண்ணி நிக்கிறதில்ல."

"ஊருக்குத் தெரியக் கூடாது தம்பி."

துடைப்பக்கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தான். பிறகு அவனே வழி சொன்னான். தவறு செய்த பிறகு ஸுப்ஹானல்லாஹ் சொன்னால் ஊருக்குத் தெரியும். செய்வதற்கு முன்னாலேயே அவன் இருமிவிடுவானாம். உட்கார வேண்டிய இடத்தில் ஒரு இருமல். சலாம் கொடுத்து முடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு.

"தொழுகையில வேணும்னே இருமலாமாடா?"

"கூடாதுதான். கேள்வி கேட்டா எங்கிட்டயே கேக்கட்டும்" என்றான்.

இவனை நான் ஒருநாளும் நல்லா இருக்கியா என்று கேட்டதில்லை.

ஜனவரி 6

இருமல் வேலை செய்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். இருமல் கேட்டதும் மூச்சு விடுகிறேன்.

ஊர்க்காரர்கள் காசிமுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினாராம். மளிகைக்கடைக்காரர், பூச்சிமருந்து நெடி ஏறியிருக்கும், எக்ஸ்ரே எடுடா என்கிறாராம். "குடிக்காம விட்டா சந்தேகப்படுவாஹ ராத்தா, மூணு கிளாஸ் குடிச்சுட்டேன், வயிறு எரியுது" என்று வந்து நிற்கிறான். நான் சிரித்துவிட்டேன். அவரும் கூடவே சிரித்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

மகள் ரிஸ்வானா சார்ஜாவிலிருந்து போன் பேசினாள். "வாப்பா, சாப்டீங்களா?" என்றாள். "அல்ஹம்துலில்லாஹ், நீங்க எந்த ஊரு, எந்த முஹல்லா?" என்றார் அவர். அவள் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். நானும் கேலிதான் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 28

தஞ்சாவூர் போனோம். டாக்டரம்மா இரண்டு பக்கம் புரட்டினார். "நல்லா எழுதறீங்களே" என்றார். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி நெடுக ஓதிக்கொண்டே வந்தார், ஒரு எழுத்து பிசகவில்லை. சின்ன வயதில் ஓதியது கடைசியில்தான் போகும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கடைசியில் என்றால் போகும் என்றுதானே அர்த்தம்.

மார்ச் 12

நோன்பு ஆரம்பம். இரவு நீண்ட தொழுகைக்கு, குர்ஆனை மனப்பாடமாக ஓதும் வெளியூர் ஹாபிஸ் ஒருவரை வைத்திருக்கிறார்கள். அதில் தப்பித்தோம். நோன்புக் கஞ்சி குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் நோன்பு திறக்கலியா?" என்று கேட்டார். திரும்பவும் கொடுத்தேன்.

ஏப்ரல் 11

பெருநாள் தொழுகை ஒழுங்காக முடிந்தது. காசிமுக்கு ஒரு கைலி எடுத்துக் கொடுத்தேன்.

மே 20, திங்கள்

முத்தவல்லி பக்கீர் முகமதுவின் காக்கா நேற்று மவுத்தாகிவிட்டார். பள்ளி நிர்வாகம் முழுக்க முத்தவல்லி கையில்தான். அண்ணன் என்றால் அவருக்கு உயிர். இன்று காலை ஜனாஸா தொழுகை, பள்ளி முற்றத்தில்.

காசிம் ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று முந்தாநாளே போயிருந்தான்.

ஜனாஸா தொழுகை இறந்தவருக்காக நின்றுகொண்டே தொழுவது. குனிவது கிடையாது, ஸஜ்தாவும் கிடையாது. எதிரில் மய்யித்து இருக்கிறது, அதன் முன்னால் யார் குனிவார்கள்? காலையில் சட்டைக்கு பட்டன் போட்டுவிடும்போது மூன்று தடவை சொன்னேன். "குனியக் கூடாதுங்க. நின்னுக்கிட்டேதான்." "எனக்கா சொல்ற?" என்று கோபித்துக்கொண்டார். முப்பது வருஷமாகத் தொழ வைக்கிறவரிடம் நான் சொன்னது தப்புதான்.

நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதல் தக்பீர், அந்த அல்லாஹு அக்பர், கேட்டது. இரண்டாவது கேட்டது. அதற்குப் பிறகு "ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதா" என்று கேட்டது. குனிந்து நிமிர்ந்தவர்தான் அதைச் சொல்வார். ஜனாஸாவில் அந்த வார்த்தை வரவே வராது.

கத்தியைக் கீழே வைத்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை போல. பழக்கதோஷத்தில் பாதி ஊரும் அவரோடு சேர்ந்து குனிந்ததாம். பிறகு வந்து சொன்னார்கள்.

வேறொருவர் முன்னால் வந்து திரும்பத் தொழ வைத்தார். இவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "ஏன் புள்ள எல்லாரும் என்னைப் பாக்குறாஹ?" என்று கேட்டார்.

வெங்காயத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மே 21

முத்தவல்லி வந்தார். துக்க வீட்டுக்காரர், நாங்கள்தான் போயிருக்க வேண்டும். உட்காருங்க மாமு என்றேன். உட்காரவில்லை.

"எத்தன நாளா இது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், இருமல் உட்பட.

"அப்ப இத்தன மாசமும் நாங்க அவஹ பின்னாடி தொழுதது? நோன்புப் பெருநாள் தொழுதது? கூடுச்சா கூடலியா, செல்லுமா செல்லாதா? அத யாரும்மா எங்களுக்குச் சொல்லுவாஹ?"

"அல்லாஹ் ஏத்துக்கிட்டிருப்பான் மாமு."

"அத நீ சொல்லக் கூடாது" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். எனக்கு வாய் இல்லையா என்ன? அவர் சொன்னது நியாயம், அதனால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்போது உள்ளே இருந்து அவர் வந்தார். முத்தவல்லியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். "காக்கா எப்படி இருக்காஹ? மூட்டுவலி தேவலயா?" என்றார்.

நேற்று குழியில் மண் தள்ளியவர் முத்தவல்லி. அவர் கண் நிறைந்து வழிந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நல்லா இருக்காஹ ஹஜ்ரத்" என்றார். "இப்ப வலி ஒண்ணும் இல்ல."

போகும்போது என்னிடம், ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் இங்கேயே இருங்க, அதற்குள் வடக்குத்தெருவில் என் வீடு ஒன்று காலியாகுது, அதை எடுத்துக்கங்க என்றார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேம்மா" என்றார்.

ஜூன் 24

வீடு மாற்றியாயிற்று. பீரோவின் ஒரு கால் உடைந்துவிட்டது. இங்கே ஒலிபெருக்கி கேட்பதில்லை, பாங்கு மட்டும் தூரத்தில் கேட்கிறது. தொழ நின்றால் எப்போது குனிவது என்று ஒரு நிமிஷம் திகைக்கிறேன்.

ஜூலை 9

கேஸ் சிலிண்டர் வந்தது. அவர் மூன்று தடவை வெளியே போய்விட்டார். மூன்று தடவையும் பழைய வீட்டு வாசலில்தான் நின்றார்.

ஆகஸ்ட் 3

பாங்கு கேட்டால் அவரை வீட்டில் வைக்க முடியவில்லை. தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய் இமாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார். புது ஹஜ்ரத் இளவயது. அவருக்கும் சங்கடம். முந்தாநாள் காசிம் இவர் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்திருக்கிறான், இவர் உதறிவிட்டு, "யாருடா நீ? தொழுகைக்கு நேரமாவுது" என்று சத்தம் போட்டாராம். பள்ளியில் அவர் குரல் உயர்ந்து யாருமே கேட்டதில்லை.

இன்று காசிமே என்னைப் பார்க்க வந்தான். அவனுக்கு இப்போது நிஜமாகவே இருமல். "ராத்தா, அவஹளுக்குத் தொழ வைக்கணும், அவ்வளவுதானே. பின்னால நிக்க ஆளு வேணும். நீங்க நில்லுங்களேன்" என்றான்.

ஆகஸ்ட் 4

கூடத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் பாய் விரித்தேன். இதுதான் பள்ளி என்றேன். சுற்றிப் பார்த்தார். "ஜமாஅத் எங்க?" என்றார். "நான்தான்" என்றேன். "சரி, வரிசையை நேரா வைங்க" என்றார். நான் ஒருத்தி நேராக நின்றேன்.

ஆகஸ்ட் 19

ஐந்து வேளையும் தொழ வைக்கிறார். வெளியே போவது நின்றுவிட்டது. இப்படித் தொழுவது கூடுமா கூடாதா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

இமாம் தவறினால் ஆண்கள் குரல் கொடுக்கலாம், பெண் குரல் கொடுக்கக் கூடாது. வலது கையால் இடது புறங்கையில் தட்ட வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷரைத் திருத்த எனக்குச் சட்டப்படி கிடைத்த ஒரே வழி இதுதான். தட்டுகிறேன். தட்டினால் உட்காருகிறார்.

செப்டம்பர் 30

டாக்டரம்மாவிடம் போகவில்லை. பஸ்ஸில் ஏற மாட்டேன் என்கிறார்.

நவம்பர் 12

ஒளு செய்வதே மறந்துவிட்டது. நான் சொம்பில் ஊற்றிக்கொண்டே சொல்கிறேன். கை. வாய். முகம். தலை. கால். நல்ல பிள்ளையாகச் செய்கிறார். கால் விரல் இடுக்கில் நானே விரல் விட்டுத் தேய்க்கிறேன். கூசுகிறது என்று காலை இழுத்துக்கொள்கிறார்.

எனக்கு அருவருப்பு இல்லை, பாசம் பொங்குகிறது என்றும் இல்லை. பாத்திரம் கழுவுவது போலக் கழுவுகிறேன். பாவமா தெரியவில்லை.

டிசம்பர் 28

ரிஸ்வானா பிள்ளையோடு வந்திருக்கிறாள். வாப்பாவைப் பார்த்து அழுதாள், என்னைப் பார்த்தும் அழுதாள். "உம்மா, பாதியா ஆயிட்டியே. நீ சாப்பிடுறியா இல்லியா?" என்றாள். சாப்பிடுகிறேன் என்றேன். எங்களோடு சார்ஜா வந்துவிடுங்கள் என்கிறாள். அங்கே பத்தாவது மாடி. போகவில்லை.

பேத்திக்கு ஒரு வயது. கை தட்டினால் திரும்பத் தட்டுகிறது. அதைப் பார்த்து அவரும் தட்டுகிறார். இரண்டு பேரும் நாளெல்லாம் இதே விளையாட்டு.

ஜனவரி 5

ரிஸ்வானா ஊருக்குப் போனாள்.

ஜனவரி 17

இன்று லுஹரில் நான்கு முடிந்தும் ஐந்தாவது ரக்அத்துக்கு எழுந்துவிட்டார். தட்டினேன். திரும்பிப் பார்த்து, சிரித்து, அவரும் தட்டினார்.

பிப்ரவரி 2

என் பெயர் பதுருன்னிஸா. டைரியில் இதுவரை எங்கேயும் எழுதவில்லை என்று இன்றுதான் கவனித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாததால் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மஃரிப், மூன்று ரக்அத். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போய் நின்றேன். அவர் குரல் இன்று நன்றாக இருந்தது. குர்ஆன் சூராவைப் பழைய ராகத்தில் ஓதினார். கண்ணை மூடிக்கொண்டால் அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவது போலவே இருந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், ஸஜ்தாவுக்குப் போனார். நானும் போனேன்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

இமாம் அல்லாஹு அக்பர் சொல்லாமல் நான் தலையைத் தூக்க முடியாது. காத்திருந்தேன். தூங்கிவிட்டாரோ, வேறு ஏதாவதோ என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மூச்சு விடும் சத்தம் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது. நெற்றி பாயில், மூக்கு பாயில், பால் பொங்கும் வாசனை. கையைத் தரையிலிருந்து எடுத்துப் புறங்கையில் தட்டினேன்.

முன்னால் ஸஜ்தாவில் கிடந்தபடியே அவரும் தட்டினார்.

இன்னொரு தடவை தட்டினேன். அவரும் இன்னொரு தடவை தட்டினார். சந்தோஷமாகத் தட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் நனைந்த பிறகுதான் அழுவது தெரிந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக வராத அழுகை, நெற்றி தரையில் இருக்கும்போதா வரவேண்டும்? எனக்கு அப்படி ஒரு பயம். இவர் இப்படியே எழுந்திருக்காமல் இருந்துவிட்டால் நானும் இப்படியே கிடக்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

பெண் குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். "அல்லாஹு அக்பர்" என்றேன்.

அவர் எழுந்தார்.

மீண்டும் சொன்னேன், நெற்றியை வைத்தார். சொன்னேன், நின்றார். நான் சொல்லச் சொல்லக் குனிந்தார், நிமிர்ந்தார், உட்கார்ந்தார். அவர் முன்னால்தான் இருந்தார், நான் பின்னால்தான் இருந்தேன். மூன்று ரக்அத்தும் முடித்து நான் சலாம் சொல்ல, அவர் வலப்பக்கமும் இடப்பக்கமும் முகத்தைத் திருப்பினார்.

பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஊருக்குப் புதிதாக வந்தவரைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், நல்லா தொழ வச்சீங்க" என்றார். "எந்தப் பள்ளி ஹஜ்ரத்து நீங்க?"

"தெற்குத்தெரு பள்ளி" என்றேன்.

"அப்படியா" என்றார். "அங்க முன்னாடி ஒருத்தர் இருந்தாஹ."

"ஆமா" என்றேன். "நல்லா ஓதுவாஹ."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. மீதி இருந்ததில் அவருக்கு மட்டும் ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். ஊதிக் குடித்தார்.

இஷாவுக்கு பாங்கு சொல்கிறார்கள். போய் அவருக்கு ஒளு செய்துவிட வேண்டும்.